பழவேற்காட்டைத் தேடுவோர் எதைக் காண்கின்றனர்?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

பழவேற்காடு என்னும் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பழமை, வேல், காடு என்னும் தமிழ்ச் சொற்களே நிற்கும். வேல மரம் செறிந்த பழங்காடு என்பது அதன் பொருள். 1610-ஆம் ஆண்டையொட்டி ஒல்லாந்தர் இக்கரையில் வணிகச் சாலை நிறுவினர். 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். ழகரம் அவர்தம் நாவிற்கு வாராமையால் ஊர்ப்பெயர் 'பாலியாகட்டா' ஆயிற்று. ஆங்கிலர் வாயில் அது மேலுந் தேய்ந்து 'புலிகாட்' என முடிந்தது. புலிக்கும் இவ்வூர்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் உலகப் படங்களில் நிலைத்த பெயர் அதுவே. அதனினும் கொடிது, தமிழ் இதழ்களே சில வேளைகளில் அத்திரிபை மீண்டும் தமிழெழுத்தில் பெயர்த்துப் 'புலிகாட் ஏரி' என அச்சிடுவது. வெளியார் திரித்ததை வீட்டார் ஏற்றுக்கொண்ட கதை இது.

பெயர் மட்டுமா? ஒல்லாந்தர் கோட்டையில் சமயப் பணியாற்றிய ஆபிரகாம் உரோச்சர் என்பார் இக்கரை மக்களின் வழக்கங்களைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் ஒல்லாந்த மொழியில் அச்சேறியது. ஐரோப்பியர் பன்னெடுங்காலம் இந்நிலத்து மக்களை அந்நூலின் வழியாகவே அறிந்தனர். ஊரைப் பற்றி ஊரார் எழுதி வைக்காதவிடத்துப் பிறர் எழுதியதே சான்றாகி விடுகின்றது. அன்று நூலகத்தில் நிகழ்ந்தது, இன்று தேடுபொறியில் நிகழ்கின்றது. நண்டு வாங்க விரும்பும் வணிகனும், ஏரியைக் காண வரும் சுற்றுலாவினனும், துறைமுக விரிவாக்கம் பற்றி எழுதும் செய்தியாளனும் முதலில் நாடுவது தேடுபொறியையே. அங்குக் குப்பத்தார் சொல் முன்னிற்கின்றதா, பிறர் சொல் முன்னிற்கின்றதா என்பதே இன்றைய வினா.

தேடுபொறி இயங்கும் முறை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. சொல்லடைவு ஆக்குவோன் நூல் முழுவதையும் படித்து, ஒவ்வொரு சொல்லும் எவ்வெப் பக்கத்து வருகின்றது எனக் குறித்து வைக்கின்றான் அன்றோ? பொறியும் அதனையே செய்கின்றது. துழாவுநிரல் என்னும் ஏவலாள் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குத் தொடுப்புகளைப் பற்றிக்கொண்டே செல்லும். கண்டதை அடைவில் சேர்க்கும். எவரேனும் வினவும்போது, அடைவைப் புரட்டித் தகுதி கண்டு வரிசைப்படுத்தித் தரும். துழாவப்படாத பக்கம் அடைவில் இல்லை. அடைவில் இல்லாதது உலகிற்கும் இல்லை.

இனி, வலைத்தளம் அமைக்கும் வழி. முற்காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் நிரல் எழுதத் தெரிந்தவன் கையால் எழுதினான். இக்கால் 'உள்ளடக்க மேலாண்மை ஒருங்கியம்' என்னும் மென்பொருள்கள் அப்பணியை ஏற்றுக்கொண்டன. 2001-இல் துருபல், 2003-இல் வேர்டுபிரசு, 2005-இல் சூம்லா எனத் தோன்றிய இவை, எழுதுவோன் எழுத்தை ஒருபுறமும் தோற்றத்தை ஒருபுறமும் பிரித்து வைக்கின்றன. மடல் எழுதத் தெரிந்தவன் பக்கம் வெளியிடலாம். உலகத் தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் வேர்டுபிரசு ஒன்றன்மேலேயே நிற்கின்றன. குப்பத்து மீனவர் மன்றமோ, பனையோலைப் பெட்டி முடையும் பெண்டிர் குழுவோ தளம் அமைப்பின் பெரும்பாலும் அதன்மேல்தான் அமைப்பர். ஆதலின் இங்குக் கூறுவனவும் அதனைச் சுட்டியே கூறப்படும்.

முதற் செய்தி வியப்பானது. வேர்டுபிரசின் அமைப்புப் பகுதியில், படித்தல் பற்றிய பக்கத்தில், 'தேடுபொறிகள் இத்தளத்தை அடைவில் சேர்க்க வேண்டா' என்னும் பொருளுடைய சிறு கட்டம் ஒன்று உண்டு. தளத்தைக் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாதிருக்க அதனைக் குறித்து வைப்பர்; கட்டி முடித்தபின் நீக்க மறந்து விடுவர். கதவைத் தாழிட்டு உள்ளே இருந்துகொண்டு, விருந்தினர் ஒருவரும் வரவில்லையே என வருந்துவது போன்றது அது. தளம் தெரியவில்லை என்று முறையிடுவோர் முதலில் அக்கட்டத்தைப் பார்க்க. அடுத்து, பக்க முகவரி வெறும் எண்ணாக அமையாமல் பக்கத்தின் பெயரால் அமையும்படி நிலைத்தொடுப்பு அமைப்பை மாற்றுக. தள மொழியைத் 'தமிழ்' எனக் குறிக்க. குறியாவிடின் பக்கம் ஆங்கிலம் எனப் பொறிக்கு அறிவிக்கப்படும். தளத்தின் பக்கப் பட்டியலைத் தேடுபொறிக்குத் தரும் தளவரைபடத்தை, 2020-இல் வந்த 5.5 பதிப்பு முதல் வேர்டுபிரசு தானே ஆக்கித் தருகின்றது. அதற்கெனத் தனிச் செருகுநிரல் வாங்க வேண்டுவதில்லை.

இவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய சிக்கல்கள் வேறு. அவற்றை எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லித் தாராது.

இணையத்தில் தமிழ் புகுந்த தொடக்கத்தில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனிக்குறியேற்றம் உடையதாயிருந்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' எனத் திரையில் தோன்றுவது, பொறியின் உள்ளே நான்கு உரோம எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற பிதற்றல். இக்குழப்பத்தை நீக்க 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடு தாம், தாப் என்னும் குறியேற்றங்களை வகுத்தது. தமிழ்99 விசைப்பலகையும் அதன் விளைவே. பின்னர் 2010-இல் (தி.பி. 2041) தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்து 16 துணுக்குக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களுள் உயிர்மெய்களுக்குத் தனியிடம் தரப்படவில்லை என்பது தமிழறிஞரின் நெடுநாட் குறை. அக்குறை மெய்யே. ஆயினும் உலகத் தேடுபொறிகள் அறிந்த தமிழ் ஒருங்குறித் தமிழ் ஒன்றே. பழைய எழுத்துருவில் உள்ள மன்றத் தீர்மானங்களையும் மலர்களையும் குறிமாற்றி ஏற்றாவிடின் அவை கடலில் எறிந்த கல்லே.

இவ்விடத்து ஒன்று சொல்லாமற் செல்வதற்கில்லை. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் கிரந்த எழுத்துகளைத் தமிழோடு இணைக்கும் முன்மொழிவு எழுந்தபோது தமிழறிஞரும் அரசும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். முடிவில் 2014-இல் வெளிவந்த ஒருங்குறி 7.0 பதிப்பில் கிரந்தம் தனிக் கட்டத்தில் அமர்த்தப்பட்டது. விழித்திருந்தமையால் காக்கப்பட்ட எல்லை அது.

ஒருங்குறியில் எழுதினால் மட்டும் போதுமா? போதாது. கடலில் பிடிபடும் வௌவால் மீனை எடுத்துக்கொள்க. வகரத்தோடு ஔகாரம் சேர்ந்தால் 'வௌ'. ஆனால் விரைந்து தட்டச்சிடுவோர் பலர் வகரத்தின்முன் ஒற்றைக்கொம்பை இட்டுப் பின்னே ளகர எழுத்தைச் சேர்த்து விடுகின்றனர். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொறிக்கோ முன்னது 'வௌவால்'. பின்னது 'வெ-ள-வால்' என்னும் இல்லாச் சொல். அப்பிழையோடு விலைப்பட்டியல் ஏற்றிய குழுவின் பக்கத்தைச் செவ்வையாகத் தேடுபவன் காணாமற் போகலாம். இம்மீனையே வவ்வால் என்பாரும் வாவல் என்பாரும் உளர். இறாலும் அவ்வாறே: இடையின ரகரமிட்டு எழுதுவோர் எத்துணையர்! ஏரிக்கரையில் 'எறா' என்பதே பேச்சு. பக்கத் தலைப்பில் திருத்தமான வடிவை இட்டு, உள்ளே 'எறா என மீனவர் வழங்குவது' என ஓரிடத்தில் எழுதுதல் பிழையன்று. வழக்குச் சொல்லைப் பதிவு செய்யும் நற்பணியுமாம்.

அடுத்தது புணர்ச்சி. 'பழவேற்காடு' வேற்றுமையேற்கும்போது 'பழவேற்காட்டில்', 'பழவேற்காட்டின்' என டகரம் இரட்டும். ஐந்தாம் வகுப்பு மாணவன் இதனை அறிவான், பொறி அறியாது. ஆங்கிலச் சொற்றிரிபை அறியும் அளவுக்குத் தமிழ்ச் சொற்றிரிபை எந்தப் பொறியும் இன்னும் முற்ற அறிந்ததில்லை. வேர்டுபிரசு தளத்தின் உள்ளேயே அமைந்த தேடற் கட்டமோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. பக்கம் முழுதும் 'பழவேற்காட்டில்' என்றே எழுதியிருந்தால் 'பழவேற்காடு' எனத் தேடுபவனுக்கு அது ஒன்றும் காட்டாது. எனவே தலைப்பிலோ முதல் தொடரிலோ ஊர்ப்பெயர் ஒரு முறையேனும் திரிபின்றி எழுவாயாக நிற்க வேண்டும். தலைப்பெழுதும்போது மட்டுமேனும் இதனை எண்ணிப் பார்க்க.

முகவரியில் நேரும் கேடு இன்னும் பெரிது. தமிழ் எழுத்துக்குறி ஒன்று வலை முகவரியில் ஒன்பது உரோமக் குறிகளாக விரியும். 'பழவேற்காடு' என்னும் சொல் பொறிக்குப் பத்துக் குறி; முகவரியில் அது தொண்ணூறு குறி. வேர்டுபிரசு தலைப்பிலிருந்து முகவரி ஆக்கும்போது இருநூறு குறிகளோடு நிறுத்திவிடும். 'பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் சேற்று நண்டு' எனத் தலைப்பிட்டால் முகவரி 'பழவேற்காட்டு-ஏரியில்-பிட' என்பதோடு அறுபட்டு நிற்கும். விற்க வந்த நண்டு முகவரிக்குள் வரவே இல்லை! வெளியிடுமுன் முகவரிக் கட்டத்தைத் திறந்து 'பழவேற்காடு-நண்டு' எனச் சுருக்கி எழுதுக. அது 136 குறியில் அடங்கும். இதனைக் கண்டு, தமிழ் முகவரியே வேண்டா, உரோம எழுத்தில் இடுக என்பார் கூற்றை ஏற்க வேண்டுவதில்லை. தேடுபொறிகள் தமிழ் முகவரியைப் படிக்கின்றன. உலாவிகள் தமிழாகவே காட்டுகின்றன. முகவரியின் ஈற்றிலும் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' எனத் தமிழெழுத்தே நிற்கும் காலம் வந்து பல்லாண்டு ஆயிற்று.

இனிச் சொற்றேர்வு. தனித்தமிழ் அன்பர்க்கு இதுவே கசப்பான பகுதி; ஆனால் ஒளித்துப் பேசுவதில் பயனில்லை. ஏரியும் கடலும் கூடும் வாயிலைக் கழிமுகம் என்பது நல்ல தமிழ். ஆனால் குப்பத்து இளைஞன் தன் கைப்பேசியில் தட்டுவது 'முகத்துவாரம்' என்று. கழிமுகம் மணலால் தூர்ந்து ஏரிக்கும் கடலுக்கும் நீரோட்டம் அறுபடுவது இம்மக்களின் வாழ்வையே அறுக்கும் சிக்கல். அதைப் பற்றிய பக்கம் தூய சொல்லால் மட்டும் எழுதப்பட்டு, அச்சொல்லை எவரும் தேடாமையால் காணப்படாமற் போனால், தூய்மையும் பரவவில்லை, செய்தியும் பரவவில்லை. தலைப்பு 'பழவேற்காடு கழிமுகம்' என்றே நிற்கட்டும். முதற் பத்தியில், 'முகத்துவாரம் என மக்கள் வழங்கும் இக்கழிமுகம்' என ஒரு தொடர் வரட்டும். வழக்குச் சொல்லால் தேடி வந்தவன் நற்சொல்லைக் கற்றுச் செல்வான். வேற்றுச் சொல்லைப் பக்கந்தோறும் இறைத்து எழுதுவது இதனின் வேறு, அது வேண்டா. மேலும் உண்மையில் மீனவர் தொழிற்சொற்களிற் பெரும்பாலானவை தூய தமிழே. பாடு, வலை, கழி, மடவை, கொடுவா, கிழங்கான் என அவர் வாயில் இயல்பாக வரும் சொற்கள், நகரத்துப் படித்தோர் எழுதும் 'பிசிங்', 'கிராப்' என்பவற்றினும் எத்துணையோ மேல். அவற்றைப் பக்கத்தில் ஏற்றுவது தமிழ்ப் பணியும் ஆகும், தேடுவோர்க்கு வழியும் ஆகும்.

ஊர்ப்பெயரில் மற்றொரு குழப்பம். கோட்டைக்குப்பம் பழவேற்காட்டுப் பகுதியில் உண்டு; புதுச்சேரியை அடுத்து விழுப்புரம் மாவட்டத்திலும் கோட்டக்குப்பம் என்னும் பேரூர் உண்டு. பெயரை மட்டும் எழுதினால் பெரியது சிறியதை விழுங்கும். ஆதலின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம் என ஊரின் இருப்பிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுத்தில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அறிவிப்பை அழகிய வண்ணப் படமாக ஆக்கி ஏற்றும் பழக்கம் எங்கும் பரவியிருக்கின்றது. படத்துள் இருக்கும் சொல் பெரும்பாலும் அடைவில் ஏறுவதில்லை. படம் இடுக, கீழே அதன் சொற்களைத் தட்டச்சிட்டும் இடுக. படத்திற்குரிய மாற்றுரைக் கட்டத்தில் 'பனையோலைப் பெட்டி முடையும் பெண்டிர், பழவேற்காடு' என எழுதுக. கண்பார்வை இல்லாதார்க்குத் திரையைப் படித்துக் காட்டும் கருவியும் அதனையே படிக்கும். படங்களைச் சுருக்கி ஏற்றாவிடின் அலைவரிசை மெலிந்த கரையோரத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. தம் குப்பத்தாரே திறக்க இயலாத தளத்தை யாருக்காக அமைப்பது?

வரிசையில் முன்னிற்பது பற்றியும் கேட்பார் உளர். கூகுளைத் தோற்றுவித்த இலாரி பேச்சும் செர்கி பிரின்னும் 1998-இல் வகுத்த நெறி, ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் தகுதியையும் கொண்டு அதனை மதிப்பது. இன்று வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன. ஆயினும் அவ்வடிப்படை மறையவில்லை. இங்குப் பழவேற்காட்டு மீனவர்க்கு ஓர் ஒப்பீடு தோன்றாமற் போகாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாக வந்த பாடு முறையில், நல்ல மீன்வளமுள்ள இடம் ஒருவர்க்கே உரித்தாவதில்லை. உரிமையுடையோர் சீட்டிட்டு முறைவைத்து வலை கட்டுவர். பொருள் மிக்கவன் என்பதால் நாளும் முதலிடம் அவனுக்குக் கிடைப்பதில்லை. தேடுபொறிக்கு அந்த அறம் இல்லை. முதலிடத்தில் இருப்பவன் மேலும் சுட்டப்படுகின்றான். சுட்டப்படுவதால் அங்கேயே இருக்கின்றான். அவனுக்கும் மேலே விளம்பரக் கட்டணம் செலுத்தியவன் நிற்கின்றான். இந்நிலையில், பணம் கொடுத்தால் ஆயிரம் தொடுப்பு வாங்கித் தருவோம் என வரும் இடைத்தரகரை நம்புதல் வேண்டா. வாங்கிய தொடுப்பை ஏய்ப்பு எனக் கண்டு பொறி தண்டிக்கும். குப்பத்துத் தளங்கள் ஒன்றையொன்று உரிய இடத்தில் சுட்டுதல், உள்ளூர்ப் பள்ளி, பறவை ஆய்வோர், தமிழ் இதழ்கள் ஆகியோரிடம் சுட்டும்படி வேண்டுதல் ஆகியவையே நேர்வழி. காலம் பிடிக்கும், ஆயினும் நிலைக்கும்.

இத்துணை உழைப்பும் எதன்பொருட்டு? நண்டு விற்பது மட்டுமன்று. 2020-இல் நடுவணரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. அதனை எட்டாம் பட்டியலின் 22 மொழிகளிலும் பெயர்க்கும்படி அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் தில்லி உயர் வழக்குமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அந்நெறியின் கீழ் வாழ்வோர் இவ்வேரிக்கரை மக்கள் போன்றோரே. தமிழில் தேடினால் அவர்க்கு அது கிட்டாத நிலை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக் கேட்பு 2021 சனவரி 22-க்கும், பின்னர் 2023 செபுதம்பர் 5-க்கும் குறிக்கப்பட்டு இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. அத்தகைய நாள் மீண்டும் குறிக்கப்படுமாயின், ஏரி எவ்வளவு மீன் தருகின்றது, எந்தக் குப்பத்தார் எங்கு வலை கட்டுகின்றனர், கழிமுகம் எப்போது தூர்ந்தது என்பவற்றைத் தேடுவோர் முன் யார் எழுத்து நிற்கும்? கட்டுவோர் எழுத்து நிற்கும் என்பதில் ஐயமில்லை. அவர்க்கு அதற்கெனவே ஆட்கள் உளர்.

எழுதியதைத் திருத்தாமல் விடுவதும் தீங்கே. 2011 திசம்பர் 25 அன்று இவ்வேரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிர் நீத்தனர். அதன்பின் சுற்றுலாப் படகோட்டத்துக்குத் தடை வந்தது. அதற்கு முன் எழுதிய 'வருக, படகில் செல்க' என்னும் பக்கம் திருத்தப்படாமல் முன்வரிசையில் கிடக்குமாயின், அது வெறும் பழைய எழுத்தன்று, உயிருக்கே ஊறு. ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய நாளும் திருத்திய நாளும் இருத்தல் வேண்டும். ஒரே செய்தி நாள்வாரித் தொகுப்பு, வகைத் தொகுப்பு எனப் பல முகவரிகளில் தோன்றினால், இதுவே முதன்மை முகவரி எனப் பொறிக்கு அறிவிக்கும் குறிப்பை 2009 முதல் தேடுபொறிகள் ஏற்கின்றன. அதனையும் செருகுநிரலிற் பார்த்து வைக்க.

தளம் வெளிவந்தபின் கூகுள் கட்டணமின்றித் தரும் தேடற் பணியகத்தில் அதனைப் பதிந்து, தளவரைபடத்தைக் கொடுக்க. எந்தெந்தச் சொல்லைத் தேடி எத்துணைப் பேர் வந்தனர், எப்பக்கங்கள் அடைவில் ஏறவில்லை என அது காட்டும். திங்களுக்கு ஒருமுறை குழுவில் எவரேனும் ஒருவர் அப்பட்டியலைப் படித்து, மக்கள் தேடும் சொல் பக்கத்தில் உண்டா எனப் பார்த்தால் போதும். முதலில் எழுத வேண்டியவை நான்கே பக்கங்கள்: ஏரியின் மீனும் நண்டும் அவற்றின் பருவமும்; பாடு முறை; கழிமுகம் தூர்ந்த ஆண்டுகள்; குப்பங்களின் பெயரும் இருப்பிடமும். நான்கிலும் தலைப்பில் 'பழவேற்காடு' என்று இருக்கட்டும். 'புலிகாட்' என்பது உள்ளே ஒருமுறை வந்தால் போதும்.